இரட்டைப் பிள்ளைகளும் நான் மறைத்த மாத்திரையும்

1979-ம் வருடத்துத் தை மாதம். மல்லசமுத்திரத்துக்கு இரண்டு மைல் தள்ளி எங்கள் தோட்டம். எனக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் முடிந்திருந்தது; குழந்தை இல்லை.

அந்த ஏழு வருடத்தில் என்னை யாரும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சாப்பிட்டேனா என்று கேட்காமல் என் மாமியார் தட்டில் கை வைக்க மாட்டார். ஆனால் அந்தத் தையில் கொழுந்தனார் மனைவிக்கு ஏழாம் மாதக் கட்டுச்சோற்று விருந்து நடந்தபோது, வளையல் தட்டை எடுத்த என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு, "நீ பந்தியப் பாரு அம்மிணி" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நானும் போய்ப் பந்தி முழுக்கச் சாம்பார் ஊற்றினேன். கடைசி இலைக்கு ஊற்றி முடிக்கிற வரைக்கும் அழக்கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை. அடுப்புப் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் அதைப் பார்த்திருக்கிறார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அடுத்த வாரம், "மோட்டாருக்குச் சாமான் வாங்கோணும், சேலம் போய்ட்டு வந்தரலாம், நீயும் வா புள்ள" என்றார். மோட்டார் சாமானுக்கு நான் எதற்கு என்று யோசித்துக்கொண்டேதான் பஸ் ஏறினேன். ஆட்டையாம்பட்டி தாண்டிய பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே, "ஒரு லேடி டாக்டர் இருக்காங்களாம். காட்டிப் பாக்கலாம். ஊட்ல சொல்ல வேண்டாம்" என்றார்.

அந்த டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். வேறு ஊரிலிருந்து வந்து சேலத்தில் தங்கிவிட்டவர். அதட்டுகிற மாதிரிதான் பேசுவார். என் கதையைக் கேட்டு முடித்ததும் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"முதல்ல உங்களுக்கு டெஸ்ட். உங்களைப் பாக்காம இவங்களுக்கு ஒரு மாத்திரை கூட எழுத மாட்டேன்."

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆம்பளையிடம் அப்படிச் சொல்வது லேசான காரியம் இல்லை. இவர் சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால், "சரிங்க" என்றார். அந்த ஒரு "சரிங்க"வை நினைத்து அவரிடம் எத்தனையோ சண்டைகளைப் பாதியில் விட்டிருக்கிறேன்.

விந்துப் பரிசோதனைக்கென்று அவர் கையில் ஒரு சீசாவைக் கொடுத்தார்கள்; அவரிடம் ஒரு குறையும் இல்லை என்று வந்தது. எனக்குத்தான் மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வந்துகொண்டிருந்தது. தொந்தரவில்லாத உடம்பு என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். கருமுட்டை மாதாமாதம் முதிர்ந்து வெளியே வருவதில்லை, அதனால்தான் கரு நிற்கவில்லை என்றார் டாக்டர். முட்டை முதிரத் தூண்டுவதற்கு ஒரு மாத்திரை எழுதினார். விலக்கான ஐந்தாம் நாளிலிருந்து ஐந்து நாளைக்கு, தினம் ஒன்று. சீட்டைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே சொன்னார்:

"ஒண்ணு சொல்றேன், கவனமா கேளு. இந்த மாத்திரையில கரு நின்னா, நூறு பேர்ல ஏழெட்டுப் பேருக்கு ரெட்டைக் குழந்தை ஆகலாம். மூணு ஆகறது ரொம்ப அபூர்வம். மத்தவங்களுக்கெல்லாம் ஒண்ணுதான்."

என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எதுக்குச் சிரிக்கறே? உங்க தோட்டத்துல கடலை போடுவீங்களா?"

"போடுவோமுங்க."

"ஒரே தொலிக்குள்ள ரெண்டு பருப்பு இருக்குமில்ல? அது மாதிரி ஒரு முட்டையே ரெண்டாப் பிரிஞ்சு ரெட்டை ஆகறது ஒண்ணு. அது மருந்து சாப்பிடாதவங்களுக்கும் வரும். இது வேற. மாசத்துக்கு ஒரு முட்டை முதிரணும். மருந்து வேகத்துல ரெண்டு முதிர்ந்துட்டா, ரெண்டும் கருவாகலாம். உனக்கு ஒரு முட்டை முதிரணும்னுதான் நான் குடுக்கறேன். ரெண்டு வந்தா கூடவே குறைமாசம், ரத்தசோகை, பிரஷர் எல்லாம் வரும். அதுக்கு ஆசைப்படாதே."

ஏழெட்டுப் பேர் என்றது என் காதில் ஏறவே இல்லை. ரெட்டை என்றது மட்டும்தான் ஏறியது. திரும்பி வருகிற பஸ்ஸில் இந்த இடுப்பில் ஒன்று, அந்த இடுப்பில் ஒன்று என்று மனசுக்குள் தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. காரணம் இருந்தது. உறவில் யாரோ ஒரு பெண் மருந்து சாப்பிட்டுப் பிள்ளை பெற்றாள் என்று பேச்சு வந்தபோது, "மருந்துப் புள்ளைக்கு ஆயுசு கெட்டியா இருக்குமா?" என்று என் மாமியாரே கேட்டிருக்கிறார். அவர் மட்டும் இல்லை, ஊரே அப்படித்தான் நம்பியது. "புள்ள பொறக்கட்டும், பொறவு சொல்லிக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். மாத்திரைகளை வெந்தய டப்பாவுக்குள் வைத்தேன்.

அதே சமயத்தில் என் மாமியார் எனக்காகத் திருச்செங்கோட்டு மலைக்கு வேண்டிக்கொண்டார். படியேறிப் போய் உச்சியில் இருக்கும் பாறையைச் சுற்றி வர வேண்டும். மாதாமாதம் அமாவாசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த வேண்டுதலைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நிஜமாகவே அழுது கும்பிட்டுக்கொண்டுதான் ஏறினேன். ஆனால் ஒரு அமாவாசைக்கு, அன்றைய மாத்திரையும் என் முந்தானையில் முடிந்திருந்தது. மாமியார் முன்னால் போக, நான் பின்தங்கி ஒரு மண்டபத்து ஓரமாக நின்று விழுங்கினேன்.

முதல் இரண்டு தடவையும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது தடவை டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். நான்காவது தடவைக்குப் பிறகு நாள் தள்ளிப்போனது. பத்து நாள், இருபது நாள், நாற்பது நாள். எனக்குத் தள்ளிப்போவது வழக்கம்தான் என்பதால் நம்பவே பயமாக இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு ஆமாம் என்று தலையசைத்தபோது என் வீட்டுக்காரர் வெளியே போய், ரோட்டோரக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

ஆறாம் மாதமே எனக்கு எட்டு மாத வயிறு. டாக்டர் டேப் வைத்து அளந்தார், வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், குழல் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்டார். முகத்தில் சந்தோஷம் இல்லை. ஸ்கேன் என்ற சொல்லையே நாங்கள் அப்போது கேட்டதில்லை. எட்டாம் மாதம் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எக்ஸ்ரேக் கடை வாசலில் என் வீட்டுக்காரர் அந்தப் படத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஒன்று தலைகீழாகவும் ஒன்று நிமிர்ந்தும், மல்லிகைச் சரம் போல இரண்டு முதுகெலும்பு. ரோட்டில் போன ஒரு ஆள் நின்று, "என்னங்கண்ணா அது?" என்று கேட்டார். "எம் புள்ளைங்க" என்றார் இவர். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

பங்குனியில், ஐந்து வாரம் முன்னாலேயே வலி வந்துவிட்டது. காலை பத்து மணிக்குப் பெண் பிறந்தாள், பிறந்ததும் அழுதாள். பத்து நிமிஷம் கழித்துக் கால் முன்னால் வர, பையன் பிறந்தான். அவன் அழவில்லை. நீலமாக இருந்தான். டாக்டர் அவனைக் குப்புறப் போட்டு முதுகைத் தேய்ப்பதும் வாயை உறிஞ்சுவதுமாக இருந்ததைப் படுத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன். சாமியைக் கூப்பிடக்கூட வாய் வரவில்லை. கடைசியில் பூனைக்குட்டி முனகுவது போல ஒரு சத்தம் கேட்டது. அதற்கப்புறம் எனக்கு நினைவில்லை. ரத்தம் நிற்காமல் போயிருக்கிறது. கொழுந்தனார் ரத்தம் கொடுத்திருக்கிறார். இரண்டு குழந்தைகளையும் பஞ்சுக்குள் சுற்றி வைத்து, இருபத்திரண்டு நாள் அந்த ஆஸ்பத்திரியிலேயே இருந்தோம்.

கிளம்புகிற அன்று டாக்டரம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அன்னிக்கு ரெட்டைன்னதும் சிரிச்சியே. மூணு உசிரும் தப்பிச்சது பெரிசு. ஊருக்குப் போய் யாராவது குழந்தை இல்லேன்னு வந்து கேட்டா, உனக்கு எப்படிக் கிடைச்சதுன்னு மறைக்காம சொல்லு" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஊரில் எங்களைத் திருவிழா போலப் பார்த்தார்கள். மல்லசமுத்திரம் சந்தைக்கு வந்தவர்கள்கூட வழி விசாரித்து வந்து குழந்தைகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "ஏழு வருசம் காக்க வெச்சு, வட்டியும் சேத்துக் குடுத்துட்டான் மலையேறி நிக்கிறவன்" என்று என் மாமியார் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மாத்திரை என்று எப்படிச் சொல்வது? அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்றே நாள் போனது.

எங்கள் தோட்டத்துக்குக் கிழக்கே அடுத்த தோட்டம். அந்த வீட்டு மருமகள் என்னைவிட நாலு வயது சின்னவள். அவளுக்கும் கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. அந்த ஆடியில் ஒருநாள் வந்து, என் பிள்ளைகளை மாற்றி மாற்றி மடியில் போட்டுக்கொண்டு, "எனக்கு மட்டும் சொல்லுங்க அக்கா, என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டாள். மாமியார் பக்கத்தில்தான் இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "மலைக்குப் போனேன், அமாவாசைக்கு அமாவாசை" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. மாத்திரையைச் சொல்லாமல் விட்டேன், அதுதான்.

அதற்குப் பிறகு அமாவாசை தவறாமல் அவள் எங்கள் வேலியோரமாக மலைக்கு நடந்து போவதை நான் பார்ப்பேன். கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று தோன்றும். குழந்தை அழும், போய்விடுவேன். உண்மையைச் சொன்னால், குழந்தை அழாத நாளிலும் நான் கூப்பிடவில்லை.

1983. பிள்ளைகளுக்கு மூன்று வயது முடிந்து, மொட்டை அடித்துக் காது குத்த நாள் வைத்திருந்தோம். அதற்கு நாலு நாள் முன்பு, மத்தியானம், களத்தில் நானும் மாமியாரும் விதைக் கடலை உரித்துக்கொண்டிருந்தோம். கிழக்குத் தோட்டத்துக்காரி வந்தாள். கையில் இரண்டு சட்டை. அவளே மெஷினில் தைத்தது. பையனுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று.

"காதுகுத்தன்னிக்கு நான் வரலீங்க அக்கா. நாலு பேரு நாலு சொல்லுவாங்க. அதான் இன்னிக்கே குடுத்துட்டுப் போலாம்னு" என்றாள்.

"நீ வராம எப்புடி அம்மிணி?" என்றேன்.

அவள் உட்காரவில்லை. "வர்ற வைகாசில எங்கூட்டுக்காரருக்கு வேற கண்ணாலமுங்க. பொண்ணு பாத்து வெத்தலபாக்கு மாத்தியாச்சு. அதுக்கு நான் அழுவலீங்க. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்" என்றாள். பிறகு, கணக்குத் தப்பிய பள்ளிக்கூடப் பிள்ளை போல என்னைப் பார்த்து, "நீங்க மலை மேல எத்தனை சுத்துச் சுத்துனீங்க? நான் மூணு வருசமா பதினொண்ணு சுத்தறேன். எனக்குச் சொன்னவங்க எண்ணிக்கையத் தப்பாச் சொல்லிட்டாங்களா அக்கா?" என்று கேட்டாள்.

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் தன்னிடம்தான் பிழை தேடிக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த கடலையெல்லாம் தரையில் சிந்த எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமியார் இருக்கிறார் என்பதுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. மோட்டார் சாமான் என்று சொல்லிச் சேலம் போனதிலிருந்து, வெந்தய டப்பா, மண்டபத்து ஓரம், கூட்டிக் கொடுத்த மாத்திரை, எல்லாவற்றையும் சொன்னேன். "சுத்து எத்தனைன்னு எனக்கு நெனவே இல்ல கண்ணு. மாத்திரை எத்தனைன்னுதான் நெனவிருக்குது" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "அது எனக்கும் குடுப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மாமியார் கடலை உரிப்பதை நிறுத்தவே இல்லை. தலையும் நிமிரவில்லை.

நாலு நாள் அவர் என்னோடு பேசவில்லை. பிள்ளைகளுக்குச் சோறூட்டினார், காதுகுத்தில் எல்லோரையும் வாங்க என்று வரவேற்றார், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நான் சாப்பிட்டேனா என்று கேட்காமலே சாப்பிட்டார். "நாந்தான் சொல்ல வேண்டாம்னேன், அவ மேல வருத்தப்படாத" என்று இவர் போய்ச் சொன்னதற்கும் பதில் இல்லை. ஐந்தாம் நாள் காலையில் நல்ல சேலை கட்டிக்கொண்டு, ஒரு கையில் பேரனும் ஒரு கையில் பேத்தியுமாக வாசலில் நின்றார்.

"வா அம்மிணி, கெழக்கால தோட்டத்துக்குப் போலாம்."

அந்த வீட்டு மாமியாரும் என் மாமியாரும் ஒரே வயது. களத்தில் கட்டில் போட்டு உட்கார வைத்தார்கள். என் மாமியார் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இந்த ரெண்டும் மாத்திரை போட்டுப் பொறந்ததுங்க. எனக்கே நாலு நாளு முன்னாடிதான் தெரியும். கையுங் காலும் நல்லாருக்குதா, ஓடி ஆடுதான்னு நீயே பாரு. உம் மருமவளையும் ஒருக்கா கூட்டிட்டுப் போய்க் காட்டு."

"இனி எப்புடீங்க? வெத்தலபாக்கு மாத்தியாச்சுங்களே" என்றார் அந்த அம்மா.

"மாத்துனது வெத்தலபாக்குத்தான? தாலி இல்லியே. தைக்குத் தள்ளிப் போடு."

அந்த அம்மா என் பிள்ளைகளைப் பார்த்தார். பையன் அங்கே கட்டியிருந்த கன்றுக்குட்டியின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். கடைசியில், "சரி, தை வரைக்கும் பாக்கறோம். ஆனா மாத்திரைன்னா உங்களுக்கு மாதிரி ரெண்டு வரோணும்" என்றார்.

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாலு நாளுக்கப்புறம் அன்றுதான் என் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை நான் விழுங்காமல் சொன்னேன். "அப்புடி இல்லீங்க. நூறு பேர்ல ஏழெட்டுப் பேருக்குத்தான் ரெட்டையாம். எனக்கு அப்புடி ஆகிப்போச்சு. பையன் பொறந்தப்ப மூச்சே இல்லீங்க. நானும் பொழச்சது பெரும்பாடு. ஒண்ணு வந்தாப் போதும்னு வேண்டிக்குங்க." என் மாமியாருக்கும் மூச்சில்லாமல் பிறந்த கதை முழுசாகத் தெரியாது. அவர் பேரனைக் கூப்பிட்டு மடியில் இறுக்கி வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது வரப்பில் நடந்துகொண்டே கேட்டார்: "எங்கிட்டச் சொல்றதுக்கு உனக்கு அவ்வளவு பயமா அம்மிணி?" அன்று மத்தியானம் சாப்பிட்டாயா என்று கேட்டார்.

அடுத்த சிக்கல் அவள் வீட்டுக்காரர். தனக்கும் பரிசோதனை என்றதும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவரைப் போய்க் கூட்டி வந்தவர் அதிகம் பேசாத என் வீட்டுக்காரர்தான். என்ன பேசினார் என்று அன்று எனக்குத் தெரியாது. "நானும் அந்தச் சீசாவ வாங்குனவன்தான், வாப்பா" என்று சொன்னதாக அவள் வீட்டுக்காரர் பின்னால் சிரித்துக்கொண்டே சொன்னார். பஸ்ஸில் ஆம்பளைகள் இரண்டு பேரும் முன்னால் உட்கார்ந்து மஞ்சள் விலையைப் பற்றிச் சேலம் வரைக்கும் பேசிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பேச்சைத் தவிர வேறு எதைப் பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

டாக்டரம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "உன் பக்கத்துத் தோட்டமா? மூணு வருஷமா சொல்லலையா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். அதற்குமேல் அவர் திட்டவில்லை. இரண்டு பேரையும் பரிசோதித்துவிட்டு, அவரிடம் குறையில்லை, இவளுக்கும் முட்டை சரியாக முதிரவில்லை என்றார். எல்லோருக்கும் இந்த மாத்திரை பலிக்காது, பார்ப்போம் என்றும் சொன்னார்.

பலிக்காமல்தான் போனது முதலில். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று ஒவ்வொரு மாதமும் அவள் வேலியோரம் வந்து நின்று இல்லை என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஒரு மாதம் அடிவயிறு வலிக்கிறது என்று பயந்துபோய் சேலத்துக்கு ஓடினோம். டாக்டர் ஒரு மாதம் மாத்திரையை நிறுத்தி, பிறகு பார்த்துப் பார்த்துத் தொடர்ந்தார். தை வந்தது. ஆனால் அதற்குள் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் பொறுமையிழந்து, தங்கள் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தியைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். அவள், "அந்தப் பொண்ணாச்சும் நல்லாருக்கட்டும்ங்க" என்றாள்.

மாசி மாதம் ஒருநாள் காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். குச்சிக்கிழங்குக் காட்டுக்குள்ளே புகுந்து, செடியெல்லாம் அசைய, யாரோ வேகமாக வருவது தெரிந்தது. அவள்தான். மூச்சு வாங்க என் முன்னால் நின்றாள். தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். நான் சாணிக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். "ஓடாத, இனிமே ஓடாத" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

மாத்திரை விஷயம் அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்ததால், இவளுக்கும் ரெட்டைதான் என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். ஏழாம் மாத விருந்துக்கு வந்தவர்கள், "வயிறு சின்னதா இருக்குதே" என்று வருத்தப்பட்டார்கள். அன்றைக்கு வளையல் தட்டை என் மாமியார் எடுத்துக்கொண்டு போய், ஊரில் குழந்தை இல்லாத இன்னொரு பெண்ணின் கையில் கொடுத்து முதலில் போடச் சொன்னார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் வயசுக்கு முன்னால் யார் சொல்வார்கள்?

1984 ஐப்பசியில், நல்ல மழை நாளில், நிறைமாதமாக, சுகப்பிரசவத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஒன்றுதான். நல்ல எடை, பிறந்ததும் ஆஸ்பத்திரிக்கே கேட்கிற அழுகை. செய்தி வந்ததும் ஊரில் பாதிப் பேர், "ஒண்ணுதானா?" என்றார்கள். அவள் மாமியாரும் ஆஸ்பத்திரி வாசலில் அதையேதான் கேட்டார். உள்ளே போய்க் குழந்தையை வாங்கியவர், அதற்குப் பிறகு பால் கொடுக்கிற நேரம் தவிர யாரிடமும் அதைக் கொடுக்கவில்லை.

நான் போய்ப் பார்த்தபோது அவள் கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். குழந்தையைப் பார்த்து முடித்ததும், நாலு வருடமாக மனசில் இருந்ததை அவளிடம் கேட்டுவிட வேண்டும் என்று, "நான் அன்னிக்கே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்க விடவில்லை.

"சொன்னீங்கல்ல அக்கா" என்றாள். பிறகு, "இவ தூக்கத்துல சிரிக்கறா பாருங்க" என்று போர்வையை விலக்கினாள்.

அவள் அதை அன்றே மறந்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். என்னால் முடியவில்லை. அதற்குப் பின் எத்தனையோ பெண்களை நானே கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறியிருக்கிறேன். சிலருக்குப் பலித்தது, சிலருக்குப் பலிக்கவில்லை. ஒரே ஒருத்திக்குத்தான் ரெட்டை. எல்லோரிடமும் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தேதான் சொல்வேன். ஒரு பெண் தன்னிடம் என்ன பிழை என்று தேடித் தேடிக் களைத்த மூன்று வருடத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால்தான் இப்போதெல்லாம் யாரும் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காமல், நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்.